ஹார்த்ஸ்டோன்: புது எக்ஸ்பான்ஷனுக்குக் காசு கொடுத்து பேக் வாங்கலாமா, கையிலிருக்கும் கோல்டே போதுமா?

ஓடக்கரை:

வணக்கம். ரொம்ப நாளாக விட்டுப்போயிருந்த ஹார்த்ஸ்டோன் என்கிற டிஜிட்டல் கார்டு விளையாட்டை இந்த வருடம் மறுபடி ஃபோனில் இறக்கி ஆட ஆரம்பித்திருக்கிறேன். கம்பெனி பஸ்ஸில் போகவர நேரம் நிறையக் கிடைக்கிறது, அதில்தான் ஆட்டம் எல்லாம். நான் பெரும்பாலும் பிரீஸ்ட் கிளாஸ்தான் (கிளாஸ் என்பது தனிக் கார்டுகள் உள்ள வீரர் வகை) ஆடுவேன், எதிராளியை இழுத்தடித்துக் கடைசியில் ஜெயிக்கிற கன்ட்ரோல் டெக்தான் (டெக் என்றால் ஆட்டத்துக்கு நாம் கட்டுகிற சீட்டுக்கட்டு) எனக்குப் பிடிக்கும், அடித்து முடிக்கிற டெக்கில் மனசு ஒட்டுவதில்லை.

கையிருப்பு இதுதான்: ஆடிச் சேர்த்த கோல்டு நாலாயிரத்துச் சொச்சம், கார்டை உடைத்தால் கிடைக்கிற, வேறு கார்டு செய்ய உதவுகிற டஸ்ட் மூவாயிரம் அளவுக்கு. பழைய கார்டுகள் பாதிக்குமேல், எல்லாக் காலத்துக் கார்டும் செல்லுகிற வைல்டு ஆட்டத்துக்கு மட்டும் என்று போய்விட்டன. சமீபத்திய கார்டுகள் மட்டும் செல்லுகிற ஸ்டாண்டர்டில் ஆட, விளையாட்டே தருகிற அடிப்படைக் கோர் செட்டும், திரும்பி வந்தபோது கிடைத்த சில்லறை பேக்குகளும்தான் இருக்கின்றன.

அடுத்த எக்ஸ்பான்ஷன், அதாவது புதுக் கார்டுகளின் தொகுப்பு (செட்), வரப்போகிறது. காசு கொடுத்து வாங்கும் முன்பதிவு பண்டிலில், என்ன கார்டு வரும் என்று தெரியாத பேக் 60 தருகிறார்கள். கூட ஆடுகிற நண்பன் "ஒரு தடவை பண்டில் வாங்கிட்டா நாலு மாசத்துக்குக் கவலையே இல்லை" என்கிறான். எனக்கு அந்தத் தொகை சும்மா தூக்கிப்போடுகிற காசு இல்லை, அதே சமயம் கொடுக்கவே முடியாத காசும் இல்லை. வாங்கினால் அதற்கான பலன் இருக்குமா என்பதுதான் கேள்வி. பண்டில் வாங்குவதா, கோல்டில் மட்டும் பேக் எடுப்பதா, இல்லை பேக்கே வேண்டாம், டஸ்டை வைத்து வேண்டிய கார்டை நேராக கிராஃப்ட் செய்துகொள்வதா? வாங்கின கார்டு எல்லாம் கொஞ்ச காலத்தில் ரொட்டேஷனில் ஸ்டாண்டர்டைவிட்டுப் போய்விடும் என்பது வேறு உறுத்துகிறது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.


கணக்குப்பிள்ளை:

ஓடக்கரை, நீங்கள் கையிருப்பைச் சொல்லிக் கேட்டது நல்லது. பேக் லாபமா நஷ்டமா என்று பொதுவாகக் கேட்டால் பதிலே கிடையாது, யாரிடம் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் மாறும்.

முதலில் ஒரு பேக்குக்குள் உண்மையில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். ஐந்து கார்டு, அதில் ஒன்றாவது ரேர் அல்லது அதற்கு மேல். (காமன், ரேர், எபிக், லெஜண்டரி என்று அருமை ஏறிக்கொண்டே போகும்.) 2017-ல் சீனாவில் இந்த மாதிரி விளையாட்டுகள் எல்லாம் வாய்ப்பு விகிதத்தை வெளியிட்டே ஆகவேண்டும் என்று விதி வந்தபோது ஹார்த்ஸ்டோன் கணக்கும் வெளியே வந்தது: சராசரியாக 20 பேக்குக்கு ஒரு லெஜண்டரி, 5 பேக்குக்கு ஒரு எபிக். அப்படியானால் 20 பேக் திறந்தால் வருகிற 100 கார்டில் லெஜண்டரி 1, எபிக் 4, ரேர் இருபத்துமூன்று போல, மிச்சம் எழுபதுக்கு மேல் காமன். அத்தனையையும் உடைத்தால் என்ன தேறும்? லெஜண்டரிக்கு 400, எபிக்குக்கு 100 வீதம் 400, ரேருக்கு 20 வீதம் 460, காமனுக்கு 5 வீதம் 360. மொத்தம் 1620 டஸ்ட். கோல்டன் கார்டு (அதே கார்டின் தங்கநிற அலங்காரப் பதிப்பு) விழுந்தால் இன்னும் கொஞ்சம் கூடும். ஒரு லெஜண்டரியை கிராஃப்ட் செய்ய 1600 வேண்டும். ஆக, 20 பேக்கை முழுக்க உடைத்தால் உங்களுக்குப் பிடித்த ஒரே ஒரு லெஜண்டரி. பேக்கை டஸ்டுக்கான வழியாக நினைத்து வாங்குகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை தாளில் எழுதிப் பார்க்கவேண்டும்.

ஆனால் பேக்கின் உண்மையான பலன் டஸ்டில் இல்லை, உங்களிடம் இல்லாத கார்டு வருவதில் இருக்கிறது. இங்கேதான் விஷயம். 2020 மார்ச்சிலிருந்து எல்லா வகைக்கும் டூப்ளிகேட் பாதுகாப்பு வந்துவிட்டது. ஒரு செட்டில் இருக்கிற எல்லா ரேரும் இரண்டிரண்டு கிடைக்கும்வரை எந்த ரேரும் மூன்றாவது முறை வராது, மற்ற வகைக்கும் அப்படியே, லெஜண்டரி மட்டும் ஒன்றுடன் சரி. இதனால் செட்டில் ஒரு கார்டுகூட இல்லாமல் ஆரம்பிக்கிறவருக்கு முதல் இருபத்தைந்து முப்பது பேக்கில் வருகிற கார்டு அத்தனையும் புதுசு. போதாக்குறைக்கு ஒவ்வொரு புது செட்டிலும் முதல் 10 பேக்குக்குள் ஒரு லெஜண்டரி உறுதி.

அதற்கப்புறம் பலன் சரசரவென்று இறங்கும். ஒரு செட்டில் காமன் ஐம்பது சொச்சம்தான் இருக்கும். இரண்டிரண்டு என்றால் நூற்றுச் சொச்சம். 40 பேக்கில் காமன் மட்டுமே 140-க்கு மேல் வருகிறது. அதாவது நாற்பதாவது பேக் வருவதற்குள் காமன் முடிந்துவிடும், அதற்குப் பிறகு ஒவ்வொரு பேக்கிலும் மூன்று நான்கு கார்டு ஐந்து டஸ்டு தூளாகத்தான் வரும். அறுபது எழுபது பேக்கில் ரேரும் ஏறக்குறைய முடிந்துவிடும். அப்புறம் நீங்கள் காசு கொடுப்பது எபிக்குக்கும் லெஜண்டரிக்கும் மட்டும்தான், அவைதான் ஆடிக்கொன்று அமாவாசைக்கொன்று வருகிறவை.

இப்போது உங்கள் கையைப் பாருங்கள். நாலாயிரம் கோல்டு என்றால் 40 பேக். இருப்பதிலேயே பலன் அதிகமுள்ள 40 பேக் உங்களுக்கு ஏற்கெனவே இலவசமாக இருக்கிறது. பண்டிலும் வாங்கினால் மொத்தம் 100 பேக் ஆகும். எதை முதலில் திறந்தாலும் சரி, காசு கொடுத்த 60 பேக் கொண்டுவருகிற கூடுதல் பலன் என்பது 41-லிருந்து 100 வரையான பேக்குகளின் பலன்தான். அதில் சராசரியாக மூன்று லெஜண்டரி, ஒரு டஜன் எபிக். இதற்குத்தான் காசு.

என் கருத்து: பண்டில் வேண்டாம். கோல்டே இல்லாமல் புதிதாக வந்த ஆளாக இருந்து, நான்கைந்து கிளாஸ் ஆடுகிறவராகவும் இருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பேன்.


ஏழுவெற்றி:

கணக்குப்பிள்ளை சொன்னதில் ஒன்று சேர்க்கவேண்டும். ஹார்த்ஸ்டோனில் இப்போது 11 கிளாஸ். 2020-ல் டீமன் ஹன்டர், 2022 டிசம்பரில் டெத் நைட். ஒரு செட்டில் பிரீஸ்ட்டுக்கென்று வருவது ஏறக்குறைய பத்து கார்டு, கூட எந்தக் கிளாஸும் போடலாம் என்கிற நியூட்ரலில் உருப்படியாக நாலைந்து தேறும். நீங்கள் பிரீஸ்ட் மட்டும்தான் ஆடுவேன் என்றால் பேக்கில் வருகிறதில் பத்தில் ஒன்பது கார்டு உங்கள் டெக் பக்கமே வரப்போவதில்லை. அரைக் கிலோ தக்காளிக்காகக் காய்கறி வண்டியையே விலைபேசுகிற மாதிரி ஆகிவிடும். ஒரே கிளாஸ் ஆளுக்கு எப்போதும் கிராஃப்ட்தான் வழி.

நான் பெரும்பாலும் மேஜிக் அரீனா என்கிற இன்னொரு கார்டு விளையாட்டு ஆடுகிறவன். அங்கே டஸ்டே கிடையாது, வைல்ட்கார்டுதான். பேக் திறக்கத் திறக்க ஒரு சக்கரம் நிரம்பி ஆறாவது பேக்கில் ஒரு வைல்ட்கார்டு விழும், அதைக் கொடுத்து அதே வகையில் எந்தக் கார்டை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். கடையில் ஒரு பேக் 1000 கோல்டு. குயிக் டிராஃப்ட், அதாவது பேக்குகளிலிருந்து ஒவ்வொரு கார்டாகத் தேர்ந்து டெக் கட்டி ஆடுகிற போட்டி, 5000 கோல்டு. மேலோட்டமாகப் பார்த்தால் ஐந்து பேக் வாங்கிவிடலாமே என்று தோன்றும். ஆனால் டிராஃப்டில் நீங்கள் தேர்ந்தெடுக்கிற கார்டு எல்லாம் உங்களுக்கே சொந்தம், மேலே ஏழு வெற்றி வரைக்கும் ஆட்டம், ஜெம் (காசு கொடுத்து வாங்குகிற நாணயம்) திரும்ப வரும், பரிசாகப் பேக்கும் வரும். நன்றாக ஆடுகிறவருக்கு பேக்கை நேராகக் கடையில் வாங்குவதைவிட இது எவ்வளவோ மேல்.

இதில் தெரிந்தவர்கள் செய்கிற ஒரு காரியம் உண்டு, புதுசாக வருகிறவர்கள் கவனிப்பதே இல்லை. டிராஃப்டில் பரிசாக வருகிற பேக்கை உடனே திறக்கமாட்டார்கள், சேர்த்துவைத்துக்கொண்டே போவார்கள். ஏனென்றால் டிராஃப்டில் டூப்ளிகேட் பாதுகாப்பு இல்லை, உங்களிடம் நாலு இருக்கிற ரேரே ஐந்தாவதாகவும் கண்முன் வரும். ஆனால் பேக்கில் ரேருக்கும் அதற்கு மேலான மிதிக்குக்கும் பாதுகாப்பு உண்டு. அதனால் டிராஃப்ட் எல்லாம் ஆடி முடித்து, கிடைத்த ரேர் கிடைத்தபிறகு, கடைசியில் மொத்தமாகப் பேக்கைத் திறந்தால் விட்டுப்போன ரேர்களை மட்டும் அது நிரப்பிக்கொடுக்கும். அதே பேக்கை முதல் நாளே திறந்துவிட்டு டிராஃப்டுக்குப் போனால் ஒரே ரேர் திரும்பத் திரும்பக் கையில் சேரும். பேக் அதே பேக்தான், திறக்கிற நேரம் மட்டும்தான் வேறு.

ஹார்த்ஸ்டோனில் இது அப்படியே பொருந்தாது, ஆனாலும் திறப்பதற்கு முன்னால் கிராஃப்ட் செய்யாதீர்கள் என்பது அங்கேயும் செல்லும். எந்தக் கார்டு கையில் வருகிறது என்று தெரிந்த பிறகு டஸ்டைத் தொடுங்கள்.


ஓடக்கரை:

இருவருக்கும் நன்றி. முதல் 40 பேக்குக்கும் அடுத்த 60-க்கும் இவ்வளவு வித்தியாசம் இருக்கும் என்று நான் யோசிக்கவே இல்லை, பேக் என்றால் எல்லாம் ஒரே பேக் என்றுதான் நினைத்திருந்தேன்.

ஒரு சந்தேகம். 40 பேக்குக்குள் எப்படியும் ஒரு லெஜண்டரி வந்தே தீரும் என்று ஒரு விதி இருக்கிறதே, பிட்டி டைமர். அதைக் கணக்கு வைத்து ஆடினால் ஏதாவது ஆதாயம் உண்டா? நண்பன் அதைத்தான் பெரிதாகச் சொல்கிறான். "முப்பது தாண்டிட்டா விடக்கூடாது, இன்னும் பத்து வாங்கிடணும்" என்பது அவன் கட்சி.


வாடைக்காற்று:

ஓடக்கரை, பிட்டி டைமர் இருப்பது உண்மை. லெஜண்டரிக்கு 40 பேக், எபிக்குக்கு 10 பேக். செட்டுக்கு செட் தனித்தனிக் கணக்கு. ஒரு செட்டில் எண்ணியது இன்னொரு செட்டுக்குப் போகாது, ஆனால் அதே செட்டில் நீங்கள் விட்டுவைத்த எண்ணிக்கை அழியவும் அழியாது, ஆறு மாதம் கழித்துத் திறந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். உங்கள் நண்பர் கவனிக்காதது இந்தக் கடைசி விஷயம். "முப்பது தாண்டிவிட்டது, இப்போதே இன்னும் பத்து" என்ற அவசரத்துக்கு எந்தக் காரணமும் இல்லை. அந்தப் பத்து பேக்கை குவெஸ்ட் முடிக்க முடிக்கக் கிடைக்கிற கோல்டில் நிதானமாகத் திறந்தாலும் அதே லெஜண்டரிதான் வரும்.

நான் இதைப்பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. பிட்டி டைமர் ஆடுகிறவரைக் காப்பாற்றத்தான் வந்தது, நூறு பேக் திறந்தும் ஒன்றும் வராத துரதிர்ஷ்டசாலிக்கு ஒரு தரை மாதிரி. ஆனால் அதை எண்ண ஆரம்பித்த ஆளுக்கு அது வேறு வேலை செய்கிறது. 33 ஆயிற்று, இன்னும் ஏழுதான், இன்னும் ஐந்துதான். சாதாரண சூதாட்டத்தில் "அடுத்தது நமக்குத்தான்" என்று தோன்றுவது வெறும் பிரமை. இங்கே அந்த நினைப்பில் பாதி உண்மை இருக்கிறது, அதனால்தான் நிறுத்துவது இன்னும் கஷ்டம். அப்படித் துரத்திப் பிடித்த லெஜண்டரியும் உங்களுக்கு வேண்டிய லெஜண்டரி என்று உத்தரவாதமே கிடையாது. ஒரு செட்டில் 24 லெஜண்டரி என்று வைத்துக்கொள்ளுங்கள், 60 பேக்கில் மூன்று வந்தாலும் நீங்கள் மனதில் குறித்த அந்த ஒரு கார்டு அதில் இருக்க எட்டில் ஒரு வாய்ப்பு. கிராஃப்டில் எட்டுக்கு எட்டு.

இது வெறும் விளையாட்டுக்காரர்கள் கவலை இல்லை. ஜப்பானில் சீட்டுகளைச் சேர்த்து முழுத் தொகுப்பு ஆக்கினால் பெரிய பரிசு என்கிற கம்ப்ளீட் கச்சா முறைக்கு 2012-லேயே தடை வந்தது. 2018-ல் பெல்ஜியம் சூதாட்ட ஆணையம் ஃபிஃபா, ஓவர்வாட்ச் மாதிரி சில விளையாட்டுகளில் உள்ளே என்ன என்று தெரியாமல் காசு கொடுத்து வாங்கும் லூட் பாக்ஸ் சூதாட்டச் சட்டத்துக்குள் வருகிறது என்றது. ஆப்பிளும் 2017 டிசம்பரிலிருந்து வாய்ப்பு விகிதத்தைக் காட்டச் சொல்லிவிட்டது. இவ்வளவு பேர் உட்கார்ந்து யோசித்த ஒரு பண்டத்தை நாமும் வாங்குவதற்கு முன்னால் ஒரு நிமிஷம் யோசிப்பதில் தப்பில்லை.

எங்கள் வீட்டில் அக்கா மகனும் இதே மாதிரி கார்டு விளையாட்டுதான் ஆடுகிறான், பத்தாவது படிக்கிறான். அவனைத் தடுப்பதில்லை. கார்டு எண்ணை எந்த ஆப்பிலும் சேமித்து வைப்பதில்லை, கடையில் கிடைக்கிற கூகுள் பிளே ரீசார்ஜ் கோடு மட்டும், அதுவும் பிறந்தநாளுக்கு. பேலன்ஸ் தீர்ந்தால் கதை முடிந்தது. பெரியவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன். எவ்வளவு என்று கடைக்குள் நுழைவதற்கு முன்னால் முடிவு செய்யவேண்டும், பேக் திறக்கிற அனிமேஷனைப் பார்த்துக்கொண்டே முடிவு செய்யக்கூடாது.


சேகரம்:

எல்லோரும் கணக்கையே பேசுகிறீர்கள். நான் மறுபக்கம் பேசுகிறேன், ஏனென்றால் எனக்கு பேக் திறப்பது பிடிக்கும், அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமும் இல்லை.

நான் ஆடுவது போக்கிமான் டிசிஜி பாக்கெட். 2024 அக்டோபர் கடைசியில் வந்தது. அதில் டெக்குக்கு 20 கார்டு மட்டும், போட்டி ஆட்டம் எல்லாம் இரண்டாம்பட்சம், சேகரிப்புதான் முக்கியம். 12 மணி நேரத்துக்கு ஒன்று வீதம் நாளைக்கு இரண்டு பேக் இலவசம். காலையில் காப்பி ஆறுவதற்குள் ஒன்று, ராத்திரி படுக்கும்போது ஒன்று. பேக்கின் மேல்விளிம்பை விரலால் இழுத்துக் கிழித்து, ஒவ்வொரு கார்டாகத் தள்ளி, கடைசிக் கார்டு வருவதற்கு முன்னால் அதன் பின்பக்கத்தை ஒரு கணம் பார்த்துக்கொண்டிருக்கிற அந்த நேரத்துக்கு எனக்கு மதிப்பு இருக்கிறது. கார்டின் ஓவியத்துக்காகவே ஆடுகிறேன். முழுப்படக் கார்டுகளில் ஓவியர் பின்னணியில் மறைத்து வரைந்திருக்கிற குட்டிக் குட்டி போக்கிமான்களைப் பெரிதாக்கிப் பார்ப்பதே ஒரு தனி சுகம். டெக்கில் பயன்படாத கார்டு வீண் என்பது போட்டி ஆடுகிறவர் பேச்சு. எனக்கு அந்தக் கார்டுதான் ஆல்பத்தின் முதல் பக்கம்.

ஆனால் அங்கேயும் காசு என்று வரும்போது நான் கறார். ஒவ்வொரு பேக்குக்கும் 5 பாயிண்ட் சேரும். வைரம், நட்சத்திரம் என்பவை கார்டின் அருமையைக் காட்டும் குறிகள். நாலு வைர ஈஎக்ஸ் கார்டு ஒன்றை நேராக எடுக்க 500 பாயிண்ட், அதாவது 100 பேக். இரண்டு நட்சத்திரக் கார்டு 1250, அதாவது 250 பேக். அந்தப் பாயிண்டும் அந்தந்த எக்ஸ்பான்ஷனுக்குள்ளேதான் செல்லும். இந்த எண்ணைப் பார்த்தாலே ஒரு குறிப்பிட்ட கார்டுக்காகக் காசு கொடுத்துப் பேக் திறப்பது கட்டுபடியாகாது என்று புரிந்துவிடும். அதனால் இலவச இரண்டு பேக்குடன் சரி, வருவது வரட்டும்.

ஓடக்கரை, உங்களை நான் கேட்பது ஒன்றுதான். பேக் திறப்பது உங்களுக்குச் சந்தோஷமா, இல்லை டெக்குக்குப் போகிற வழியில் இருக்கிற ஒரு தடையா? சந்தோஷம் என்றால் சினிமாவுக்குப் போகிற காசு மாதிரி ஒரு தொகை ஒதுக்கி வாங்குங்கள், யாருக்கும் பதில் சொல்லவேண்டியதில்லை. தடை என்றால் ஒரு பைசாகூட வேண்டாம்.


கணக்குப்பிள்ளை:

சேகரம் சொல்வதோடு எனக்குச் சண்டையே இல்லை. ஓவியத்துக்காகத் திறக்கிறவருக்கு டஸ்ட் கணக்கு எதற்கு? ஆனால் கேள்வி கேட்டவர் கன்ட்ரோல் பிரீஸ்ட் ஆடவேண்டும் என்று வந்தவர், அதனால்தான் கணக்கு.

ரொட்டேஷன் பற்றிக் கேட்டதற்கு யாரும் இன்னும் பதில் சொல்லவில்லை, அது முக்கியம். ஸ்டாண்டர்டில் இந்த வருடச் செட்டுகளும் போன வருடச் செட்டுகளும் இருக்கும், வசந்தத்தில் வருடம் மாறும்போது அதற்கு முந்தையது வெளியே போகும். வருடத்துக்கு மூன்று செட். மார்ச், ஏப்ரல் வாக்கில் வருகிற முதல் செட்டுக்கு முழுசாக இரண்டு வருட ஆயுள். நவம்பர், டிசம்பரில் வருகிற மூன்றாவது செட்டுக்கு ஏறக்குறைய 16 மாதம். விலை ஒன்றுதான், ஆயுள் எட்டு மாதம் குறைவு. கோல்டை ஒரே செட்டில்தான் கொட்ட முடியும் என்றால் வருடத்தின் முதல் செட்டில் கொட்டுவதுதான் புத்திசாலித்தனம். கடைசிச் செட்டில் பிடித்த கார்டு இருந்தால் அதை மட்டும் கிராஃப்ட்.

கன்ட்ரோல் டெக் விலை கூடுதல் என்பதையும் மனதில் வையுங்கள். நாலு லெஜண்டரி, நாலு எபிக் என்றாலே 6400-உம் 1600-உம் சேர்ந்து 8000 டஸ்ட். உங்களிடம் இருப்பது மூவாயிரம். அதனால் முதல் வாரமே டெக்கை முழுமையாக்கவேண்டும் என்று ஓடாதீர்கள். எக்ஸ்பான்ஷன் வந்த முதல் இரண்டு வாரம் மெட்டா, அதாவது எந்த டெக் ஜெயிக்கிறது என்கிற நிலவரம், கொதித்துக்கொண்டிருக்கும், எல்லோரும் எல்லாவற்றையும் முயன்று பார்ப்பார்கள், முதல் நாள் ஆஹா என்றவர்களே பத்தாம் நாள் அந்தக் கார்டை டெக்கிலிருந்து எடுத்துவிடுவார்கள். அதுவரை 40 பேக்கில் வந்ததை வைத்து ஆடுங்கள். கோர் செட் 2021-லிருந்து எல்லோருக்கும் இலவசம், அதில் பிரீஸ்ட்டுக்கு ஹீல் (உயிர் ஏற்றுவது), கிளியர் (எதிராளி களத்தைத் துடைப்பது) எல்லாம் ஓரளவு இருக்கிறது, முட்டுக்கொடுக்கும்.

இன்னொன்று, நெர்ஃப். ஒரு கார்டு மிதமிஞ்சிப் பலமாக இருந்து அதைக் குறைத்தால், கொஞ்ச நாளுக்கு உடைக்கும்போது கிராஃப்ட் செய்த டஸ்டு முழுசாகத் திரும்பக் கிடைக்கும். லெஜண்டரிக்கு 400 இல்லை, 1600. அதனால் எல்லோரும் திட்டுகிற அளவுக்குப் பலமான ஒரு கார்டை கிராஃப்ட் செய்வதில் பயம் குறைவு. ஓரளவு நன்றாக இருக்கிற, யாரும் கண்டுகொள்ளாத கார்டை கிராஃப்ட் செய்வதில்தான் டஸ்ட் மாட்டிக்கொள்ளும், ஏனென்றால் அதை யாரும் குறைக்கப்போவதில்லை, பிடிக்காமல் போனால் கால்வாசி விலைதான் திரும்பும்.


ஏழுவெற்றி:

மினிசெட்டை விட்டுவிட்டோமே. 2021 ஜனவரியில் முதல் மினிசெட் வந்தபோது 35 கார்டு, நாலு லெஜண்டரி உட்பட எல்லாம் சேர்த்து 2000 கோல்டு. இருபது பேக் விலைக்கு நாலு லெஜண்டரி, அதுவும் என்ன வரும் என்று முன்கூட்டியே தெரிந்து. கோல்டை வைத்து வாங்குவதில் இதைவிடப் பலனுள்ள சரக்கு அந்த விளையாட்டில் இருந்ததில்லை. அதற்குப் பிறகு மினிசெட் வழக்கமாகவே எக்ஸ்பான்ஷனுக்கு நடுவில் வருகிறது. அந்தந்தச் சமயத்தில் கடையில் என்ன விலை என்று பார்த்துக்கொள்ளுங்கள், ஆனால் கையிலிருக்கிற கோல்டு முழுவதையும் முதல் நாளே பேக்கில் கரைத்துவிட்டு மினிசெட் வரும்போது வெறுங்கையோடு நிற்காதீர்கள்.


ஓடக்கரை:

சரி, புரிந்துவிட்டது. சேகரம் கேட்ட கேள்வியை யோசித்துப் பார்த்தேன். எனக்குப் பேக் திறப்பதில் பெரிய ஆர்வம் இல்லை, ஸ்கிப் பட்டனை அழுத்திக்கொண்டேதான் திறப்பேன். எனக்கு வேண்டியது டெக். அதனால் பண்டில் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன்.

வரப்போகிறது வருடத்தின் முதல் செட்தான். வந்த அன்று முதலில் கோல்டில் பத்து பேக், உறுதி லெஜண்டரி வந்த பிறகு ஒரு பார்வை, அப்புறம் இன்னும் பதினைந்து இருபது. மிச்சக் கோல்டை மினிசெட்டுக்கு நிறுத்திவைக்கிறேன். டஸ்டை முதல் இரண்டு வாரம் தொடுவதாக இல்லை. மெட்டா அடங்கின பிறகு பிரீஸ்ட் லெஜண்டரி ஒன்று, எபிக் இரண்டு, 2400 ஆகும், என் கையிருப்புக்குள் வந்துவிடும்.

கடைசியாக ஒன்று: வைல்டுக்குப் போன பழைய கார்டுகளை உடைத்து டஸ்ட் ஆக்கலாமா? நான் வைல்ட் ஆடுவதில்லை.


வாடைக்காற்று:

கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் உடைக்காதீர்கள். முதலில் கோல்டன் எதுவும் இருக்கிறதா பாருங்கள், கோல்டன் எபிக் 400, கோல்டன் லெஜண்டரி 1600 தரும், ஒன்று இருந்தாலே உங்களுக்கு ஒரு லெஜண்டரி ஆயிற்று. அடுத்து கூடுதல் பிரதிகள், அவற்றை மொத்தமாக உடைக்க கிராஃப்ட் திரையிலேயே ஒரு பட்டன் உண்டு. அதற்கப்புறமும் போதவில்லை என்றால் மட்டும், நீங்கள் தொடவே தொடாத கிளாஸ்களின் வைல்ட் எபிக், லெஜண்டரி. காமன், ரேரை விட்டுவிடுங்கள், ஐந்தும் இருபதுமாகத்தான் தேறும், பின்னால் ஒருநாள் வைல்ட் ஆடத் தோன்றினால் அவற்றைத் திரும்பச் செய்ய எட்டு மடங்கும் ஐந்து மடங்கும் கொடுக்கவேண்டியிருக்கும். பிரீஸ்ட் கார்டு எதையும் தொடவேண்டாம், பழைய கார்டுகளில் சிலதைக் கோர் செட் மாறும்போது திரும்பக் கொண்டுவருகிறார்கள்.